தம்பிக்கு ஆட்டிசமா, மனச்சிதைவா?

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். தம்பிக்கு 19 வயது. 6 வயதிலேயே ஆட்டிசம் உறுதியானது. மார்ச்சில் அப்பா இறந்தார். அவன் ஒரு சொட்டு அழவில்லை, தூக்கம்தான் போயிற்று. ஜூன் முதல், பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்லி ஜன்னல்களைப் போர்வையால் மூடுகிறான்.

"குரல் கேட்கிறதா?" என்றார் மருத்துவர். "கேட்கிறது" என்றான். மருத்துவர் பேசுவதும் ஒரு குரல்தானே, அதைத்தான் சொன்னான்! மருத்துவர் உடனே மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று எழுதிவிட்டார். இன்னொருவர், எல்லாம் ஆட்டிசம்தான் என்றார். இரண்டும் சேர்ந்தே வரலாம் என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் கோளாறு இல்லை. ரிஸ்பெரிடோன் என்ற மனநல மருந்தை 6 வாரம் கொடுத்தோம்: தூக்கம் வந்தது, எடை கூடியது, சந்தேகம் போகவில்லை. மாரியம்மனுக்கு நேர்த்திக்கடனும் முடிந்தது, அம்மாவின் திருப்திக்கு.

டர்பன் வட்டாரத்தில், பெரியவர்களின் ஆட்டிசத்தையும் மனப்பிறழ்வையும் (இல்லாததை நம்புவது, கேட்பது) சேர்த்து மதிப்பிடும் மனநல மருத்துவர் யார்?