பழைய பேப்பர் செஸ் புதிர்: 2 மூவ்ல மேட்னு போட்டிருக்கு, எஞ்சின் இல்லங்குது. உதவி!

நோட்டுப்புத்தகம்:
வணக்கம். கொஞ்சம் அவசரம். பழைய இங்கிலீஷ் பேப்பர்ல வந்த செஸ் பத்தியோட கட்டிங் ஒரு கட்டு இருக்கு, ஸ்கேன் பண்ணி ஒவ்வொண்ணா டேட்டாபேஸ்ல ஏத்துறேன். புதிர் எண் 214ல மாட்டிக்கிட்டேன். "ஒயிட் டு ப்ளே அண்ட் மேட் இன் டூ மூவ்ஸ்"னு தெளிவா அச்சாகியிருக்கு, அதாவது வெள்ளை ஆடி ரெண்டு மூவ்ல செக்மேட். எஞ்சின்ல (செஸ் ஆடுற ப்ரோகிராம்ல) போட்டா மேட்டே காட்டமாட்டேங்குது. அரை மணி நேரம் ஓடவிட்டும் அதே கதை. செட்டிங் ஏதாவது மாத்தணுமா?

ஏ8மூலை:
பொசிஷனைச் சொல்லாம செட்டிங்கைக் கேட்டா எப்படி? எந்தக் காய் எந்தக் கட்டத்துலன்னு எழுதுங்க. கூடவே இதையும்: படத்துக்கு மேலயும் கீழயும் காய் எண்ணிக்கை போட்டிருக்கா? அடுத்த வாரங்கள்ல விடை வந்த கட்டிங் இருக்கா? ஸ்கேனைப் பார்த்து ஏத்துனீங்களா, தாளைப் பார்த்தா?

காஸ்லிங்_பிரியன்:
பந்தயமே கட்டுறேன், காஸ்லிங்தான் (ராஜாவும் யானையும் ஒரே மூவ்ல நகர்றது). கையால பொசிஷன் அடுக்கினா ஃபென் வரியில (பொசிஷனை எஞ்சினுக்கு எழுதிக் கொடுக்கிற ஒத்தை வரி) மூணாவது இடம் சும்மா ஒரு கோடா நிக்கும், அதாவது யாருக்கும் காஸ்லிங் உரிமை இல்லைன்னு அர்த்தம். புதிர் மரபு இதுக்கு நேர் எதிர். ராஜாவும் யானையும் சொந்தக் கட்டத்துல இருந்து, ஏற்கெனவே நகர்ந்தாச்சுன்னு நிரூபிக்க முடியலைன்னா காஸ்லிங் உண்டு. ஆன்-பஸான் (ரெண்டு கட்டம் தாண்டின சிப்பாயை ஒரு கட்டம் நகர்ந்த மாதிரி வெட்டறது) தலைகீழ்: கடைசி மூவ் அந்தச் சிப்பாயோட ரெட்டை அடிதான்னு நிரூபிச்சாதான் உண்டு. ரெண்டையும் எஞ்சினுக்கு நீங்கதான் சொல்லணும். மூணாவது, நாலாவது இடத்தைப் பாருங்க.

குதிரைவால்:
செல்ஃப்மேட்டா இருக்கலாமே? அந்தக் காலப் பத்திகள்ல "சூயி-மேட்"னு போடுவாங்க. வெள்ளை தன்னையே மேட் பண்ணச் சொல்லி கறுப்பைக் கட்டாயப்படுத்தணும். சாதாரண எஞ்சின் அதைத் தேடவே தேடாது.

ஏ8மூலை:
"ஒயிட் டு ப்ளே அண்ட் மேட்"னு அவரே எழுதியிருக்காரே. செல்ஃப்மேட்னா தனியா குறிச்சிருப்பாங்க.

பத்திக்காவலர்:
இந்த இழைய நூறு தடவை பார்த்தாச்சு. புதுசா வர்றவங்க பத்தியைக் கத்தரிக்கோலால ஒட்ட ஒட்ட வெட்டுவாங்க, தேதி போயிடும், பேப்பர் பேர் போயிடும், அப்புறம் இங்க வந்து எஞ்சின்னு அழுவாங்க. முழுப் பக்கமா வச்சுக்கணும்ங்கிற அரிச்சுவடிகூடத் தெரியாம சேகரிப்புல இறங்குறது ஏன்?

நோட்டுப்புத்தகம்:
வெட்டினது நான் இல்லைங்க. பொசிஷன்:
வெள்ளை: ராஜா சி8, யானை ஏ1.
கறுப்பு: ராஜா ஏ8, பிஷப் பி8, சிப்பாய் ஏ7, பி7.
படத்துக்கு மேல "பிளாக் 4"னு இருக்கு. கீழ் ஓரம் வெட்டுப்பட்டிருக்கு. ஸ்கேனைப் பார்த்துதான் ஏத்தினேன். இப்ப எல்லாத்தையும் லேமினேட் பண்ணலாம்னு இருக்கேன், அதுக்குள்ள ஏத்தி முடிக்கணும்.

காஸ்லிங்_பிரியன்:
ராஜா சி8லயா. சரி, இதுல காஸ்லிங் இல்ல.

பழுப்புத்தாள்:
லேமினேட் பண்ணாதீங்க! சூட்டுல பசை உருகி தாளோட இழைக்குள்ள இறங்கிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. மரக்கூழ்ல பண்ணின நியூஸ்பிரின்ட்ல லிக்னின்ங்கிற மரப்பொருள் இருக்கு. வெளிச்சமும் காத்தும் பட்டா அதுதான் பழுக்கும். தாள் தானே அமிலத்தை உண்டாக்கும், நாலு பக்கமும் மூடிட்டா அந்த அமிலம் உள்ளேயே கிடந்து தாளை இன்னும் வேகமா நொறுக்கும். பாலியெஸ்டர் உறையில போடுங்க, ரெண்டு பக்கமாவது திறந்திருக்கட்டும். பின்னால கால்சியம் கார்பனேட் சேர்த்த அமிலமில்லாத் தாள் ஒண்ணு வைங்க. குறிப்பெல்லாம் அந்தத் தாள்ல பென்சில்ல எழுதுங்க, கட்டிங் மேல எழுத வேண்டாம். பிவிசி உறை ஆகவே ஆகாது, மையை இழுத்துக்கும்.

ஏ8மூலை:
தாள் பேச்சு அப்புறம். ராஜாவும் ஒத்தை யானையும் வச்சு, எதிர்ல பிஷப்பும் ரெண்டு சிப்பாயும் நிக்கறப்ப ரெண்டு மூவ்ல மேட் எங்கேருந்து வரும்? யானை ஏ7ல வெட்டினா ராஜாவோ பிஷப்போ திருப்பி வெட்டிட்டுப் போயிடும். எஞ்சின் சொல்றது சரிதான். உங்க பொசிஷன்லதான் ஒரு காய் குறையுது. வெள்ளைக் காய் எண்ணிக்கை வழக்கமா படத்துக்குக் கீழ இருக்கும், அதைத்தான் வெட்டியிருக்காங்க. 214க்கு விடை வந்த கட்டிங் கட்டுல இருக்கா பாருங்க. சில வாரம் கழிச்சுதான் வந்திருக்கும், புதிர் எண்ணை வச்சுத் தேடுங்க.

நோட்டுப்புத்தகம்:
இருக்கு! இப்படிப் போட்டிருக்கு:
"1 ஆர்-ஆர்6, பி x ஆர், 2 பி-கேடி7 மேட். 1 ... பி எங்க போனாலும். 2 ஆர் x பி மேட்."

குதிரைவால்:
தமிழ்ல அடிச்சா பானும் பிஷப்பும் ரெண்டுமே "பி"தான். ஒவ்வொண்ணும் சிப்பாயா பிஷப்பான்னு பிரிச்சுச் சொல்லுங்க சார், இல்லேன்னா விடிய விடிய இதுலயே உக்காந்திருப்போம்.

நோட்டுப்புத்தகம்:
சாரி. முதல் பி சிப்பாய். ரெண்டாவதும் சிப்பாய். "எங்க போனாலும்" பிஷப். கடைசி, சிப்பாய்.

ஏ8மூலை:
அப்ப முடிஞ்சது. ரெண்டாவது மூவ் வெள்ளையோடது: சிப்பாய் கேடி7க்குப் போய் மேட். பழைய முறையில ஆர்னா யானை, கேடினா குதிரை; ஆரம்பத்துல அந்தக் காய் நிக்கிற நெடுவரிசையை அதோட பேரால சொல்லி, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பக்கத்துலேருந்து எண்ணுவாங்க. வெள்ளைக்கு அது இன்னைக்குச் சொல்ற பி7 (ஆட்டம் பூரா ராணிப் பக்கத்துலதான், அதனால ஜி7 இல்ல). நீங்க சொன்ன பொசிஷன்ல வெள்ளைக்குச் சிப்பாயே கிடையாது. பி7ல கறுப்புச் சிப்பாய் ஏ6ல இருக்கிற யானையை வெட்ட நகர்ந்ததும் கட்டம் காலியாகுது, அங்க நேரா முன்னேறி வரணும்னா அது பி6ல நின்னிருக்கணும்.

பி6ல வெள்ளைச் சிப்பாயை வச்சுப் பாருங்க. யானை ஏ6. கறுப்புக்கு என்ன இருக்கு? ராஜா நகர முடியாது. ஏ7 சிப்பாய் யானைக்கும் ராஜாவுக்கும் நடுவுல கட்டுப்பட்டு நிக்குது, பி6ஐ வெட்ட முடியாது. பி7 சிப்பாய் யானையை வெட்டினா, வெள்ளைச் சிப்பாய் பி7 வந்து மேட். சி8 ராஜா அதுக்குக் காவல். பிஷப் எந்தக் கட்டத்துக்குப் போனாலும் யானை ஏ7ல வெட்டி மேட். அங்க பி6 சிப்பாய் காவல். கறுப்பு சும்மா இருக்க முடியாததுதான் மொத்தப் புதிரும்.

ஸ்கேன்கை:
சிப்பாய் ஏன் காணாம போச்சுன்னும் பார்த்துக்கோங்க, இல்லேன்னா அடுத்த புதிர்லயும் இதேதான். பி6 கறுப்புக் கட்டம். பழைய அச்சுல கறுப்புக் கட்டத்தைச் சாய்கோடு போட்டு நிரப்பியிருப்பாங்க, வெள்ளைச் சிப்பாய் அதுமேல மெல்லிசான வெளிக்கோடா மட்டும் இருக்கும். அச்சு தேய்ஞ்சிருந்தா கோடும் கோடும் ஒட்டிக்கும். ஸ்கேனர் கறுப்பு-வெள்ளை மோட்ல இருந்தா ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பா வெள்ளையான்னு அறுத்து முடிவு பண்ணிடும், சிப்பாய் கோடுகளுக்குள்ள முங்கிப்போகும். கிரேஸ்கேல் 8 பிட், 600 டிபிஐ. கட்டிங்குக்குப் பின்னால கறுப்புத் தாள் ஒண்ணு வைங்க, மறுபக்க அச்சு ஊடுருவித் தெரியறது குறையும். டீஸ்க்ரீன் (அச்சுப் புள்ளியை மழுக்குறது), தானா சுத்தம் பண்றது ரெண்டையும் அணைச்சிடுங்க, அது சாய்கோட்டைக் கலைச்சு மாவாக்கிடும். மூலத்தை டிஃப் (TIFF) ஃபைலா வைங்க. சந்தேகம் வந்தா பக்கவாட்டுல டார்ச் அடிச்சுத் தாளைப் பாருங்க, அச்சு அமுங்கின தடம் தெரியும்.

பத்திக்காவலர்:
இவ்வளவு நேரமா? பொசிஷனைப் பார்த்த நிமிஷமே தெரிஞ்சது. அமெரிக்க செஸ் மேதை பால் மோர்ஃபியோட புதிர். 1856ல நியூயார்க் கிளிப்பர் பேப்பர்ல வந்தது. செஸ் பத்தி சேர்க்கிறவங்களுக்கு இது பால பாடம்.

குதிரைவால்:
தெரிஞ்சிருந்தா முதல்லயே பி6னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா.

பழுப்புத்தாள்:
1856ல வந்ததுன்னா கட்டிங்கும் 1856னு யாரும் எழுதிடாதீங்க. இந்தப் புதிரை எத்தனையோ பத்தி மறுபடி மறுபடி போட்டிருக்கு. தாள் நல்லா பழுத்து நொறுங்குதுன்னா அது மரக்கூழ். 1850கள்ல பேப்பர்காரங்க பெரும்பாலும் கந்தல் கூழ்லதான் அச்சடிச்சாங்க, அது இவ்வளவு பழுக்காது.

பத்திக்காவலர்:
"கேடி"ன்னு குதிரைக்குப் போட்டிருக்கே, அதுவே போதும். எப்படியும் 1900க்கு முந்தினது.

குதிரைவால்:
இல்ல. "கேடி" இருபதாம் நூற்றாண்டுலயும் ரொம்ப காலம் ஓடுச்சு. குதிரைக்கு "என்" பரவினப்பகூட எது வேணும்னு அந்தந்தப் பேப்பர்தான் முடிவு பண்ணுச்சு. ஹெர்மன் ஹெல்ம்ஸ் புரூக்ளின் டெய்லி ஈகிள்ல செஸ் பத்தி 1893லேருந்து 1955 வரை எழுதினாரு. கோல்டனோவ்ஸ்கி சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்ல 1948லேருந்து 2000 வரை. ஒரே கை அரை நூற்றாண்டு எழுதின துறையில ஒரு எழுத்தை வச்சு வருஷம் சொல்றது கண்ணைக் கட்டிக்கிட்டு அம்பு விடுறது. இந்தப் பழைய விவரிப்புக் குறியீட்டையே ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) 1981லதான் கைவிட்டுச்சு.

குறியீட்டுலேருந்து தேதி பிடிக்கணும்னா எழுத்தைப் பார்க்காதீங்க, நீளத்தைப் பாருங்க. இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்ல ஸ்டான்டன் (1845 முதல் 1874 வரை) எழுதின காலத்துல "ஆர். டு க்யூ. ஆர். 6த்"னு வாக்கியமா இருக்கும். உங்க விடைக் கட்டிங்ல வெறும் "ஆர்-ஆர்6". அது சுருங்கின காலம். அதுகூட ஒரு சாய்வுதான், ஆதாரம் ஆகாது.

பத்திக்காவலர்:
ஸ்காட்லாந்துல ஃபோர்சித் 1883லயே கிளாஸ்கோ வீக்லி ஹெரால்டு மூலமா பொசிஷனை ஒரே வரியில எழுதற முறையைக் கொண்டுவந்துட்டாரு. சுருக்கம்ங்கிறது எப்ப வேணா வரலாம். உங்க அளவுகோலும் என்னுதும் ஒண்ணுதான்.

குதிரைவால்:
ஃபோர்சித் எழுதினது பொசிஷனை. நான் பேசுறது மூவ் எழுதற முறையை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

ஏ8மூலை:
ரெண்டு பேரும் விடுங்க. தேதிக்கு நல்ல வழி கட்டிங்கோட பின்பக்கம்தான். விளம்பரம், விலை, பாதியில அறுந்த செய்தி, ஏதோ ஒண்ணு வருஷத்தைக் காட்டிக் கொடுக்கும். அதே பத்தியில போட்டி முடிவு இருந்தா அதுக்கு முன்னால அச்சாகியிருக்க முடியாது. 213, 215 எண் கட்டிங் கிடைச்சா வாரக் கணக்கு போட்டு முன்னும் பின்னும் நகரலாம். ஒரு வாரத்துக்கு ஒரு புதிரா ரெண்டான்னு முதல்ல உறுதி பண்ணிக்கணும். அடுத்த வாரங்கள்ல "பிழைத்திருத்தம்" இருக்கான்னும் பாருங்க. வேற புதிர்ல நிஜமாவே அச்சுப் பிழை இருந்தா அங்கதான் சொல்லியிருப்பாங்க.

நோட்டுப்புத்தகம்:
தாளை எடுத்துப் பார்த்தேன். பி6ல இருக்கு, டார்ச் அடிச்சாதான் தெரியுது. எஞ்சின் உடனே ஆர்-ஏ6 காட்டிடுச்சு. ஸ்கேனர் கறுப்பு-வெள்ளை மோட்லதான் இருந்திருக்கு, இனி எல்லாத்தையும் மறுபடி எடுக்கணும். லேமினேஷன் வேண்டாம், புரிஞ்சது. எல்லாருக்கும் நன்றி.

ஏ8மூலை:
பின்பக்கம் என்ன இருக்கு?

பழுப்புத்தாள்:
பசை போட்டு நோட்டுல ஒட்டினதா, தனித்தாளா? அதைச் சொல்லலையே.

ஏ8மூலை:
ஹலோ? பின்பக்கம்?

காஸ்லிங்_பிரியன்:
அவர் போயிட்டாரு போல. திரும்பி வந்தா ஒண்ணு: கட்டுல வெள்ளை ராஜா ஈ1லயும் யானை எச்1லயும் நிக்கிற புதிர் ஏதாவது வந்தா ஃபென்ல மூணாவது இடத்தைப் பார்த்துட்டு ஏத்துங்க.