மேடம் 1182
(‘செங்கோட்டை பெரிய வீடு’ குழுவிலிருந்து)

சித்தப்பா: 📷📷 ஆச்சி தாத்தா கல்யாண போட்டோ, முன்பக்கமும் பின்பக்கமும். 12×18 பிரேம் போடணும். இதை வச்சுப் போட்டா மூஞ்சி கட்டம் கட்டமா வரும்ங்கான் கடைக்காரன்.

புளியரை அத்தை: எனக்கு நல்லாத்தான தெரியுது

புனலூர் மாமா: பின்னால மலையாளத்துல எழுதியிருக்கு. ‘மேடம் 1182’னு வாசிக்கேன். மேடம்னா நம்ம சித்திரை மாசம். 1182 கொல்லம் ஆண்டு, மலையாள வருசக் கணக்கு.

நான்: 825 கூட்டிப் பாருங்க மாமா. 2007 😂

மதினி: 2007-ல என் மவனுக்கே காது குத்தியாச்சு

புனலூர் மாமா: அப்ப அந்த 8, 3-தான். கடைசி எண்ணு 1-ஆ 2-ஆன்னு பிடிபடல. பெருசாக்குனா மசமசங்குது.

புளியரை அத்தை: அது முக்கியம்லா. 1131-ன்னா 1956 சித்திரை. 1132-ன்னா 57. அம்மா புனலூர்ல இருந்து வேற ஸ்டேட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவன்னு தம்பி இத்தனை வருசமா சொல்லுதானே.

நான்: சித்தப்பா, இது நீங்க எடுத்த படமேதானா?

சித்தப்பா: எடுத்தது நான்தான். அக்காவுக்கு அனுப்புனேன், அவ ஸ்டேட்டஸ் வச்சா. போன்ல தேடச் சோம்பல்பட்டு அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெட்டிப் போட்டேன்.

நான்: 🤦 போன்ல எடுத்தப்ப அது 4000×3000 புள்ளி. சாதாரணமா அனுப்புனா வாட்ஸ்அப் நீளப் பக்கத்தை 1600-க்கு ஒட்டிக் கொண்டுவந்துரும். அதோட விடாது. ஜேபெக்குல, அதான் போட்டோவைச் சேமிக்கிற முறை, படத்தை 8×8 புள்ளிக் கட்டமாப் பிரிச்சு, கண்ணுக்குச் சட்டுனு தெரியாத நுணுக்கத்தைக் கழிச்சுரும். சுவரு, வானம்லாம் தப்பிச்சுக்கும். எழுத்தோட ஓரமும் சேலைக் கரையும்தான் மொதல்ல போகும். மறுபடி மறுபடி சேமிச்சா கழிச்சதுலயே கழிக்கும்.

நான்: 1600-ஐ 18 இஞ்சுல பரப்புனா இஞ்சுக்கு 89 புள்ளிதான். பிரிண்டுக்கு 300 கேப்பாங்க. சுவத்துல மாட்டித் தள்ளி நின்னு பாக்கதுக்கு 200 போதும். ஒரிஜினல்ல 222 வருது.

மதினி: 📷 ஒரு ஆப்ல போட்டுத் தெளிவாக்கிட்டேன் பாருங்க

புளியரை அத்தை: இது யாருட்டி? எங்கம்மைக்கு இப்படிப் புருவமே கிடையாது

நான்: அது ஊகிச்சு வரையுது மதினி. நம்பரையும் அதுவே எழுதிரும்.

நான்: சித்தப்பா, போட்டோவா அனுப்பாதீங்க. டாகுமெண்ட்னு இருக்கும்லா, அதுல போய் ஒரிஜினலை எடுத்துப் போடுங்க. எச்டி அமுக்குனா கொஞ்சம் தேவலை, ஆனா அதுவும் நெருக்கத்தான் செய்யும்.

சித்தப்பா: 📄📄📄📄 கண்டுபிடிச்சுட்டேன். கோயில் கொடைப் படமும் சேத்து 64 போட்டிருக்கேன்.

புளியரை அத்தை: ஏலே, மலையடிவாரத்துல ஒரு கோடு சிக்னல் வச்சிருக்கேன். சுத்திக்கிட்டே கெடக்கு. போன் நெறைஞ்சிட்டுன்னு வேற சொல்லுது.

நான்: 64 படம், ஒண்ணுக்கு 5 எம்பி, மொத்தம் 320 எம்பி சித்தப்பா! பிரேம் போடுற ரெண்டு மட்டும் டாகுமெண்ட். கொடைப் படம் போன்ல பாக்கதுக்குத்தான, அதைச் சாதாரணமாவே போடுங்க. டாகுமெண்ட்ல எடுத்த இடம், நேரம்லாம் உள்ள ஒட்டியிருந்தா அதுவும் சேந்து போவும், வெளியாளுக்கு அனுப்பும்போது யோசிச்சுக்கிடுங்க.

மதினி: நான் சுருக்குற ஆப்ல தரத்தை 20-ல வைப்பேன். குட்டியா வருது.

நான்: அதான் உங்க படத்துல எல்லாருக்கும் அம்மை போட்ட மாதிரி இருக்கு 😄 மொதல்ல அளவைக் குறைங்க, 1600 போதும். பெறகு தரம் 80 பக்கம் வைங்க. 100 வச்சா எடைதான் ஏறும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்கிரீன்ஷாட், எழுத்து உள்ளதுன்னா பிஎன்ஜியாவே விட்டுருங்க, அது எதையும் கழிக்காம சேமிக்கிற முறை.

புனலூர் மாமா: திறந்துட்டு. மேடம் 1131. ஒண்ணேதான், சுழியெல்லாம் இல்ல.

சித்தப்பா: அதனால என்ன மாமா, புனலூர் கேரளாதான?

புனலூர் மாமா: கேரளாவே அப்ப கிடையாது மாப்ள. 1956 நவம்பர் 1-லதான் கேரளா ஆச்சு, செங்கோட்டை மெட்ராஸ் பக்கம் போச்சு. சித்திரையில ரெண்டு ஊரும் திருவிதாங்கூர்-கொச்சி.

புளியரை அத்தை: தம்பி, எழுதி வச்சுக்கோ. அம்மாட்ட வாசிச்சுக் காட்டுனேன். சேலைக் கரை அரக்கு, படத்துல கறுப்பால்லா இருக்குன்னு கேக்கா.

மதினி: கறுப்பு வெள்ளைப் படம்னு சொல்லுங்க

புளியரை அத்தை: சொன்னேன். கடைக்காரன்ட்ட கேட்டுப் பாக்கச் சொல்லுதா.

சித்தப்பா: கடையிலதான் நிக்கேன். வாட்ஸ்அப்ல போடச் சொன்னான், போட்டுட்டேன்.

நான்: எப்படிப் போட்டீங்க?

சித்தப்பா: …போட்டோவாத்தான். இரு, அழிச்சிட்டு வாரேன்.