சீன நாளிதழ்களில் விளம்பரம் எப்போது நுழைந்தது?

கேள்வி – முல்லைவனம்

சீன இதழியலைப் பற்றிய கட்டுரைகள் பலவும், தாங் மரபினர் காலத்திலேயே (7–10ஆம் நூற்றாண்டு) அங்கே அரசவை வெளியிட்ட செய்தித்தாள் இருந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, மறுவரியிலேயே 1872-இல் ஷாங்ஹாயில் தோன்றிய ‘ஷென் பாவ்’ நாளிதழுக்குத் தாவிவிடுகின்றன. அந்தப் பழைய அரசவைத் தாள்களில் வணிகர்கள் விளம்பரம் செய்தார்களா? இல்லையெனில், காசு பெற்றுக்கொண்டு விளம்பரம் அச்சிடும் வழக்கத்தை முதலில் கொண்டுவந்தவர்கள் யார்? சொற்களுக்கிடையே இடம் விடாத எழுத்துமுறையில் கட்டணத்தை எதை அளவாக வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி – ஓலைச்சுவடி

அரசவைத் தாளைச் செய்தித்தாள் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சிங் மரபினர் ஆட்சியில் (1644–1912) பெய்ஜிங்கின் தனியார் அச்சகங்கள் அதை விற்றன என்பது உண்மைதான். ஆனால் பேரரசரின் ஆணைகள், அதிகாரிகளின் விண்ணப்பங்கள், அரண்மனை நடப்புகள் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் அதில் சேர்க்க அவற்றுக்கு உரிமை இல்லை. எனவே கடைக்காரருக்கு அதில் இடமே இருக்கவில்லை. இதனால் சீன வணிகர் விளம்பரம் அறியாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். ஜினான் நகரத்து லியூ குடும்பத்தின் ஊசிக்கடைக்காகச் சோங் மரபினர் காலத்தில் (960–1279) விளம்பரத் தாள் அச்சிடச் செதுக்கப்பட்ட செப்புத்தகடு இன்றும் இருக்கிறது; நடுவில் மருந்து இடிக்கும் வெள்ளை முயலின் உருவமும், கடைவாசலிலுள்ள முயலையே அடையாளமாகக் கொள்ளுங்கள் என்ற வாசகமும் அதில் உள்ளன. விளம்பரம் பழையது, அதைத் தாங்கிச் செல்லும் இதழ்தான் புதியது.

அந்த இதழ் கிறித்தவ சமயம் பரப்ப வந்த ஊழியர் வழியாக வந்தது. 1815-இல் வில்லியம் மில்ன் மலாக்காவில் தொடங்கிய மாத இதழே சீன மொழியின் முதல் நவீனப் பருவ இதழ். ஆனால் சமயமும் ஒழுக்கமுமே அதன் நோக்கம். 1853-இல் ஹாங்காங்கில் பிறந்த ‘சியா அர் குவான்சென்’ என்ற மாத இதழ்தான் 1855-இல் கட்டண விளம்பரத்துக்கு இடம் கொடுத்தது. தெருத்தெருவாகத் தாள் ஒட்டுவதைவிட இதழில் வெளியிட்டால் செய்தி தொலைதூரம் செல்லும் என்று அதன் ஆசிரியர்கள் வணிகர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். ஐம்பது எழுத்து வரை ஒரு வெள்ளி டாலர், அதற்கு மேல் எழுத்துக்கு ஒரு சென்ட் என்பது கட்டணம். சீனத்தில் ஓர் எழுத்து என்பது பெரும்பாலும் பொருளுடைய ஓர் அலகு. ஆகவே இட அளவுக்கு மாறாக எழுத்தையே எண்ணிவிட முடிந்தது.

மறுமொழி – கடற்கரையான்

ஓலைச்சுவடி ஐயா கூறியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1857-இல் ஹாங்காங்கில் வெளிவந்த தாளின் பெயரே கப்பல்களையும் சரக்கு விலைகளையும் குறித்தது. துறைமுக நகரங்களில் வணிக அறிவிப்பு செய்தியின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அதுவே செய்தியாக இருந்தது.

எர்னஸ்ட் மேஜர் என்ற ஆங்கிலேயர் ஷென் பாவ் இதழைத் தொடங்கியபோது இதை நன்கு அறிந்திருந்தார். முதல் இதழிலேயே கட்டண விதிகளை வெளியிட்டார்: ஐம்பது எழுத்துக்கு முதல் நாள் 250 செப்புக்காசு, கூடுதலான ஒவ்வொரு பத்து எழுத்துக்கும் 50 காசு, இரண்டாம் நாள் முதல் 150 காசு. வெளிநாட்டவர் அதே ஐம்பது எழுத்துக்கு ஒரு வெள்ளி டாலர் தர வேண்டும். அன்று அது ஆயிரம் காசுக்கு மேல் பெறும். ஆங்கிலேயர் ஒருவர் தம்மவரிடம் கூடுதலாக வாங்கிச் சீனக் கடைக்காரருக்குக் குறைத்துக் கொடுத்தது பெருந்தன்மையால் அன்று என்றே நினைக்கிறேன். வாசகர்கள் சீனர்கள், அவர்களுக்கு விற்க வேண்டியவர்களும் பெரும்பாலும் சீனர்கள். இதில் நான் ரசிக்கும் செய்தி வேறு: புலவர்கள் அனுப்பும் கவிதைகளை ஒரு காசும் வாங்காமல் வெளியிடுவதாக அதே விதிகள் அறிவித்தன.

இதழின் விலையும் எட்டுக் காசுதான். 1861 முதல் வந்துகொண்டிருந்த ‘ஷாங்ஹாய் சின்பாவ்’ இறக்குமதித் தாளில் அச்சாகி முப்பது காசுக்கு விற்றது. மேஜர் மெல்லிய மூங்கில் தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டார். போட்டியாளர் விலையைக் குறைத்தும் தாக்குப்பிடிக்க முடியாமல் அவ்வாண்டு இறுதியிலேயே நின்றுபோனார். பின்னாளில் ஷாங்ஹாய் மக்கள் எந்தச் செய்தித்தாளையும் ‘ஷென் பாவ் தாள்’ என்று அழைக்கும் அளவுக்கு அப்பெயர் பரவியது.

கேள்வி – முல்லைவனம்

இருவருக்கும் நன்றி. அந்த விளம்பரங்களுக்குச் சீனத்தில் என்ன பெயர் இருந்தது? அவற்றில் என்னென்ன விற்றார்கள்?

மறுமொழி – ஓலைச்சுவடி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றைக் ‘காவ்பாய்’ என்றார்கள். தெரிவிப்பு என்று கொள்ளலாம். இன்று வழங்கும் ‘குவாங்காவ்’ ஜப்பானியர் ஆக்கிய சொல். நூற்றாண்டின் திருப்பத்தில்தான் சீன இதழ்களுக்கு வந்தது. கப்பல் புறப்பாடு, ஏலம், நாடக அரங்கின் அன்றைய நிகழ்ச்சி, நூல்கள், லாட்டரிச் சீட்டு, அபின் பழக்கத்தை விடுவிக்கும் மாத்திரை என அவற்றின் பட்டியல் நீளும்.

மருந்து விளம்பரங்களைத் தனியாகவே படிக்க வேண்டும். ஷாங்ஹாயில் மருந்துக்கடை வைத்திருந்த ஹுவாங் சூஜியூ, 1900-களின் தொடக்கத்தில் ‘ஐலுவோ மூளைச்சாறு’ என்ற தம் சொந்தத் தயாரிப்பை டாக்டர் யேல் என்ற மேல்நாட்டு மருத்துவரின் கண்டுபிடிப்பாக விளம்பரம் செய்து பெருஞ்செல்வம் ஈட்டினார். அப்படி ஒரு மருத்துவர் இருந்ததே இல்லை.