கவணா, ஏவுசாலா? விமானந்தாங்கிக் கப்பலுக்குச் சில சொற்கள்

உச்சிப்புளியிலிருந்து:

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக விமானந்தாங்கிக் கப்பலின் வடிவமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கொச்சியில் கட்டப்பட்டு 2022 செப்டம்பர் 2-ஆம் நாள் கடற்படையில் சேர்க்கப்பட்ட விக்ராந்த் 262 மீட்டர் நீளமும் 62 மீட்டர் அகலமும் கொண்டது, நான்கு வாயுச் சுழலிகளால் ஓடுவது என்பதுவரை தமிழ் தடையின்றி வந்தது. அத்தனை சிறிய தட்டிலிருந்து போர்விமானம் எவ்வாறு மேலெழுகிறது என்ற இடத்திற்கு வந்ததும் எழுத்து நின்றுவிட்டது. சொற்கள் இல்லாமல் இல்லை. இருக்கிற சொற்கள் செய்தியைத் தவறாகச் சொல்கின்றன என்பதே என் இடர்.

முதலாவது, சில கப்பல்களில் விமானத்தை விசையோடு கிளப்பும் கேட்டபுல்ட் என்னும் பொறி; விக்ராந்தில் இது இல்லை. இதற்குப் பலரும் 'கவண்' என்று எழுதுகிறார்கள். அது பழைய, அழகான சொல். மதுரைக் கோட்டையின் மதிற்பொறிகளை அடுக்கும்போது சிலப்பதிகாரம் 'கல்லுமிழ் கவண்' என்கிறது. ஆனால் கவணில் வைத்த கல்லுக்குச் சொந்த விசை கிடையாது. கையை விட்டு நீங்கிய பிறகு வேகம் குறைந்துகொண்டே போகும். கப்பலிலோ விமானத்தின் எந்திரங்கள் முழுவேகத்தில் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, தட்டில் நீளவாக்கில் வெட்டப்பட்ட ஒரு பிளவு வழியே ஓடும் உறுப்பொன்று அதன் முன்சக்கரத் தண்டைப் பற்றி இரண்டு மூன்று நொடிகளுக்குள் பறக்கும் வேகத்திற்கு இழுத்துச்செல்கிறது. விட்ட பிறகும் அது தன் வலுவால் வேகம் கூட்டிக்கொண்டே போகிறது. கவண் என்றதும் பிள்ளைகளின் மனத்தில் தோன்றுவது உண்டிவில்லும் ஓணானும்தான்; அந்தப் படம் இங்கே பொருந்தாது.

இரண்டாவது, அதற்குப் பதிலாக விக்ராந்தின் முன்முனையில் மேல்நோக்கி வளைந்திருக்கும் சரிவு. இதற்கு ஒரு நாளிதழில் 'பனிச்சறுக்குத் தாவல்' என்று படித்தேன். மண்டபத்திலும் தொண்டியிலும் இருக்கும் மாணவனுக்குப் பனியும் தெரியாது, சறுக்கும் தெரியாது. கப்பலில் நிகழ்வதும் சறுக்கல் அன்று, ஏற்றம். நம் கடலோரத்தார் மரக்கலத்தின் முன்பகுதியை 'அணியம்' என்றே சொல்கிறார்கள். ஆகவே 'அணியமேடு' என்று முன்மொழிகிறேன்.

கேட்டபுல்டுக்கு என் முன்மொழிவு 'ஏவுதடம்'. நீராவி ஏவுதடம், மின்காந்த ஏவுதடம் எனப் பிரித்துச் சொல்லவும் வசதியாக இருக்கும். குறை இருந்தால் கூறுங்கள்.

கீழக்கரையிலிருந்து:

ஐயா, வணக்கம். முப்பது ஆண்டுகள் சரக்குக் கப்பல்களின் எந்திர அறையில் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். போர்க்கப்பலில் வேலை செய்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

'அணியமேடு' எனக்கு முழு உடன்பாடு. ஆனால் கட்டுரையில் அது செய்யும் வேலையையும் சொல்லுங்கள். மேடு என்றவுடன் விமானம் அதில் ஏறித் துள்ளுகிறது என்று மட்டும் எண்ணிவிடுவார்கள். விக்ராந்தில் ஏறத்தாழ 14 பாகை வளைவு உள்ளது. விமானம் தட்டை விட்டு நீங்கும் கணத்தில் முழுமையாகப் பறப்பதற்குரிய வேகம் அதற்கு இன்னும் வந்திருப்பதில்லை. அந்த வளைவு அதன் வேகத்தில் ஒரு பங்கை மேல்நோக்கித் திருப்பிவிடுவதால், எறிந்த பந்துபோல் சற்று நேரம் மேலே போகிறது. கீழே இறங்கத் தொடங்குவதற்குள் எந்திரம் மீதி வேகத்தைச் சேர்த்துவிடுகிறது. கப்பல் கடனாகக் கொடுப்பது அந்தச் சில நொடிகளை மட்டுமே. இதற்கு நீராவியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம், பழுதாகும் உறுப்பும் இல்லை. அதற்கு விலையாக விமானம் எரிபொருளையோ ஆயுதத்தையோ குறைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும். நெடுந்தொலைவு கண்காணிக்கும் கனமான ராடார் விமானங்களை இம்முறையில் ஏற்றுவது கடினம் என்பதால்தான் நம் கடற்படை அந்தப் பணிக்குக் காமோவ்-31 ஹெலிகாப்டர்களை வைத்திருக்கிறது.

இன்னொரு சொல்லை நீங்கள் விட்டுவிட்டீர்கள். மேட்டை நோக்கி ஓடத் தொடங்குவதற்கு முன், எந்திரம் முழுவிசையை எட்டும்வரை விமானம் நகராதபடி தட்டிலிருந்து எழும்பும் தடைகள் அதன் சக்கரங்களைப் பிடித்து நிறுத்துகின்றன. பிறகு அவை தட்டுக்குள் மடங்கிவிடுகின்றன. இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. தேர்ச்சக்கரத்துக்குப் போடுகிற 'முட்டுக்கட்டை' அப்படியே பொருந்துகிறது. செய்தித்தாளில் அரசியல்வாதிகள் மட்டுமே போட்டுக்கொண்டிருக்கும் அச்சொல்லைச் சக்கரத்துக்கு மீட்டுக் கொடுத்தது போலவும் ஆகும்.

'ஏவுதடம்' மட்டும் எனக்கு உறுத்துகிறது. ராக்கெட்டுக்கு 'ஏவுதளம்' என்று நிலைபெற்றுவிட்டது. ளகரத்துக்கும் டகரத்துக்கும் இடையில் அச்சுப்பிழை நேர ஒரு விரல் தவறினால் போதும். குலசேகரப்பட்டினத்துச் செய்தியில் ஏவுதடமும், கப்பற்செய்தியில் ஏவுதளமும் வரும் நாள் தொலைவில் இல்லை.

பரமக்குடியிலிருந்து:

ஐயா இருவருக்கும் வணக்கம். சுருக்கமாக ஒன்று. பிளவில் ஓடும் அந்த உறுப்புக்கு ஆங்கிலத்தில், தறியில் குறுக்கே ஓடுவதன் பெயரான 'ஷட்டில்' என்பதையே வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்த் தறிகளில் அதற்கு 'நாடா' என்று பெயர்; பாடநூலிலும் 'பறக்கும் நாடா' என்று உண்டு. 'ஏவுநாடா' என்று வைக்கலாமே.

உச்சிப்புளியிலிருந்து:

நண்பர்களுக்கு நன்றி. கீழக்கரை ஐயா காட்டிய ளகர டகரக் குழப்பம் நியாயமானது; 'ஏவுதடம்' என்பதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 'ஏவு' என்னும் பகுதியை விட மனமில்லை. ஏவுகணையால் அச்சொல் ஆளில்லாப் பொருளுக்கே உரியது போல ஆகிவிட்டது. உண்மையில் தமிழில் ஆளைத்தான் முதலில் ஏவுகிறோம். இலக்கணத்தில் ஏவல் வினை இருப்பதும் அதனால்தான். உள்ளே விமானி அமர்ந்திருக்கும் ஊர்தியை ஏவுவதில் பிழையில்லை. 'உந்து' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். பேருந்தும் மகிழுந்தும் அதை எடுத்துக்கொண்டுவிட்டன; மேலும் இங்கே நடப்பது பின்னாலிருந்து தள்ளுவதன்று, முன்னாலிருந்து இழுப்பது.

நேற்று முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க்கு உழுதுகொண்டிருந்த நிலத்தைக் கடந்து வந்தபோது வேறொரு சொல் தோன்றியது. கேட்டபுல்டில் கண்ணுக்குத் தெரியும் பகுதி எது என்று கேட்டால், தட்டின்மீது நேராக ஓடும் ஒரு பிளவுதான். எந்திரம் முழுவதும் அதற்கடியில் மறைந்திருக்கிறது. மண்ணில் ஏர் கீறிச் செல்லும் நேர்கோட்டிற்கு நாம் 'சால்' என்கிறோம். ஆகவே 'ஏவுசால்'. வேறெந்தச் சொல்லோடும் குழம்பாது, நான்கே எழுத்து, முன்னடையும் ஏற்கும்.

சோதித்துப் பார்ப்பதற்காகக் கட்டுரையின் ஒரு பகுதியை அச்சொற்களால் எழுதினேன்:

"நீராவி ஏவுசாலில் தட்டுக்கடியில் நீண்ட உருளைகள் உண்டு. அவற்றுக்குள் அழுத்தமாகச் செலுத்தப்படும் நீராவி உந்துதண்டை விரைந்து தள்ளுகிறது. ஓட்டத்தின் முடிவில் நீர்த்தடை அதை நிறுத்துகிறது. 1961-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த முதல் விக்ராந்தில் நீராவி ஏவுசால் இருந்தது. 1980-களில் சீ ஹேரியர் விமானங்களுக்காக அது நீக்கப்பட்டு அணியமேடு வைக்கப்பட்டது. மின்காந்த ஏவுசாலில் நீராவி இல்லை. வட்டமான மின்மோட்டாரின் வெளிக்கூட்டை, ஓலைப்பெட்டியின் விளிம்பை அறுத்துப் பாயாக விரித்தாற்போல நீளமாக விரித்துவிட்டால், உள்ளே சுழல வேண்டியது நேர்கோட்டில் ஓடும். அதற்கு ஒரே வீச்சில் வேண்டிய பெருமளவு ஆற்றலை, 2017-இல் சேவைக்கு வந்த அமெரிக்காவின் ஜெரால்ட் ஃபோர்டு கப்பல், சுழன்றுகொண்டிருக்கும் கனமான சுழலிகளில் முன்கூட்டியே சேமித்துவைக்கிறது. அக்கப்பலில் நான்கு ஏவுசால்கள் உள்ளன. 2022-இல் நீரில் இறக்கப்பட்ட சீனாவின் ஃபூஜியன் கப்பலில் மூன்று. இழுவிசையை விமானத்தின் எடைக்கேற்ப நுட்பமாகக் கூட்டவும் குறைக்கவும் முடிவதால், கனமான விமானத்தையும் இலேசான ஆளில்லா விமானத்தையும் ஒரே ஏவுசாலில் அனுப்பலாம்."

படித்துப் பார்த்ததில் எங்கும் இடறவில்லை. தறி நாடாவைப் பற்றி: பரமக்குடி நண்பர் கூறியது பொருளளவில் மிகச் சரி. ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாடா என்றால் பாவாடை நாடாதான். சால் இருப்பதால் அதில் ஓடுவதை, ஏரின் இரும்புமுனையான 'கொழு' என்று சொல்லலாமா என்று யோசித்தேன். கொழு மண்ணுக்குள் ஓடும், இது தட்டுக்குமேல் தலைநீட்டி ஓடும் என்பதால் அதிலும் முழு நிறைவில்லை. இந்த ஒரு சொல்லை மட்டும் திறந்து வைத்திருப்போம்.

இறங்கும் பக்கத்துக்கும் ஒரு சொல் தேவைப்பட்டது. விமானத்தின் வால்கொக்கி பற்றிக்கொள்ளும்படி தட்டின் குறுக்கே கட்டப்படும் எஃகுக் கயிறு. விக்ராந்தில் மூன்று உண்டு. 'தடைக்கம்பி' என்று எழுதுகிறார்கள். கம்பி வளையாதது போன்ற எண்ணத்தைத் தருகிறது. இதுவோ இழுபட்டு நீண்டு, ஓடிவரும் விசையைச் சிறுகச்சிறுக வாங்கிக்கொள்வது. வடமாடு மஞ்சுவிரட்டில் காளையைப் பிடித்து வைத்திருக்கும் வடத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 'பிடிவடம்' என்று வைக்கிறேன்.

கீழக்கரையிலிருந்து:

ஐயா, ஏவுசால், அணியமேடு, முட்டுக்கட்டை, பிடிவடம் நான்குக்கும் என் ஒப்புதல். பிடிவடத்தின் கீழ் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: தட்டைத் தொடும் அதே கணத்தில் விமானி எந்திரத்தைக் குறைப்பதில்லை, முழுவிசைக்குக் கூட்டுகிறார். கொக்கி எந்த வடத்தையும் பற்றாமல் போனால் அப்படியே மீண்டும் மேலெழ வேண்டுமே. தரையில் இறங்கும் விமானத்தைப் போல எண்ணி, மாணவர்கள் இதைத்தான் தவறாக எழுதுவார்கள்.

நாடாவா கொழுவா என்பதற்கு, அடுத்த வாரம் பாம்பனில் படகு கட்டும் ஆசாரியிடம் படத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.