எர்த் வயர் கிட்: பெயிண்டைச் சுரண்டாமல் போட்டால் அது எர்த்தா?

ஆம்பியர்150:
காரின் பேட்டரி நெகட்டிவ், எஞ்சின், பாடி மூன்றையும் கூடுதல் வயரால் இணைக்கும் எர்த் வயர் கிட் பற்றிப் பக்கத்துத் திரியில் நெல்லை_டியூனர் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. “அஞ்சு வயர் கிட், அரை மணி நேர வேலை. பாடியில் பெயிண்டைத் தொடவே வேண்டாம், ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கினால் போதும். பிக்கப், மைலேஜ் இரண்டும் கூடும்” என்கிறார். அதை நம்பி ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறக்கப்போகிறவர்களுக்காக இந்தத் திரி.

16 சதுர மி.மீ. செம்பு வயர் ஒரு மீட்டருக்குச் சுமார் 1.2 மில்லி ஓம். சின்ன பெட்ரோல் எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுத்தால் அந்த ஒரு மீட்டரிலேயே 0.18 வோல்ட் விழும். நல்ல வயரே இவ்வளவு தின்னும்போது அதன் முனையில் பெயிண்ட் படலத்தை விட்டுவைப்பது என்ன வேலை? லக், அதாவது வயர் முனையில் மாட்டும் உலோக வளையம், உட்காரும் இடத்தில், லக்கைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக, 120 நம்பர் உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். லக்கின் அடிப்பக்கத்தையும் ஒரு தேய்ப்பு. அதற்குப் பிறகுதான் போல்ட். சுரண்டாமல் போட்டது எர்த் இல்லை, எஞ்சினுக்குக் கட்டிய தோரணம்.

நெல்லை_டியூனர்:
வந்துட்டீங்களா ஐயா. ஒரே ஒரு கேள்வி. ஃபேக்டரியில கார் பாடிக்கு எர்த் கொடுக்கிற இடத்துல உப்புத்தாளோட ஒருத்தன் உட்கார்ந்து சுரண்டுறானா? தகட்டுக்குப் பின்னாடி நட்டை வெல்டு பண்ணி வச்சிருக்கான். போல்ட் உள்ளே போகும்போது அதோட மரையே பெயிண்டை அறுத்துக்கிட்டுப் போகுது. கரண்ட் லக்குல இருந்து போல்ட் தலை, தலையில இருந்து மரை, மரையில இருந்து நட்டு, நட்டுல இருந்து பாடி. லக்குக்கு அடியில பெயிண்ட் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? ஸ்டார் வாஷர் பல்லு வேற பெயிண்டைக் குத்திக்கிட்டு இறங்குது. சுரண்ட வேண்டியதே இல்ல.

உப்புக்காற்று:
டியூனர் சொல்றதுதான் சரி. கடலோர ஊர்ல சுரண்டின இடம் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. பெயிண்டோட சேர்ந்து தகட்டு மேல இருக்கிற துத்தநாகப் பூச்சும் போயிடும். முதல் மழையிலயே லக்கைச் சுத்திச் செம்மண் நிறத்துல ஒரு வளையம். அடுத்த வருஷம் லக்குக்கு அடியில துரு புகுந்து, நீங்க சுரண்டினதுக்கு முன்னாடி இருந்ததைவிட மோசமான எர்த்து. சுரண்டாதீங்க.

ஆம்பியர்150:
துரு பிடிப்பது சுரண்டியதால் இல்லை, சுரண்டியதை அப்படியே திறந்து போட்டதால். வரிசை இதுதான்: சுரண்டு, லக்கை நேராகத் தகட்டின்மேல் வை, மேலே ஸ்பிரிங் வாஷர், போல்டை இறுக்கு. 6 மி.மீ. போல்டுக்கு 9, 10 நியூட்டன் மீட்டர் போதும். அதற்குமேல் மல்லுக்கட்டினால் வெல்டு நட்டு பிய்ந்து உள்ளேயே சுற்றும், பிறகு கழற்றவும் முடியாது, இறுக்கவும் முடியாது. இறுக்கிய பிறகு வெளியே தெரியும் உலோகம் முழுக்க ஜிங்க் பிரைமர், அது காய்ந்ததும் மேலே வாசலின். உலோகமும் உலோகமும் அழுந்திய இடத்துக்குள் ஈரம் எங்கிருந்து வரும்?

மரை வழியாகக் கரண்ட் போகும் என்கிறார். ஃபேக்டரி போல்டின் மரை அதற்கென்றே பெயிண்டை அறுக்கும்படி வெட்டப்பட்டது. கிட்டோடு வரும் போல்ட் சாதாரண மரை. அது பெயிண்டை அறுக்காது, நசுக்கிக்கொண்டு போகும். ஸ்டார் வாஷரை லக்குக்கும் தகட்டுக்கும் நடுவே போட்டால் பத்துப் பன்னிரண்டு பல்முனை மட்டும்தான் தொடும். சுரண்டினால் லக்கின் முகம் முழுக்கத் தொடும். எது மேல்?

நெல்லை_டியூனர்:
150 ஆம்பியர் 150 ஆம்பியர்னு பேரிலேயே வச்சிருக்கீங்க. அந்த 150 ஆம்பியர் பாடி வயர்ல எங்கே ஓடுது? பெரும்பாலான சின்னக் கார்ல பேட்டரி நெகட்டிவ்ல இருந்து தடி வயர் நேரா கியர்பாக்ஸ் போல்டுக்குப் போகுது. ஸ்டார்ட்டரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கு. பாடிக்குப் போறது தனியா ஒரு ஒல்லி வயர். அதுல ஹெட்லைட்டு ரெண்டுக்கும் சேர்த்து 9 ஆம்பியர், ரேடியேட்டர் ஃபேன், பிளோயர், ஹார்ன், எல்லாம் கூட்டினாலும் 40, 50 தாண்டாது. 50 ஆம்பியருக்கு மரை போதாதா? சுரண்டணுமா?

ஆம்பியர்150:
கியர்பாக்ஸ் வயர் நன்றாக இருக்கும்வரை அப்படித்தான். அந்த லக்கில் பச்சை பூத்துவிட்டால் அதே 150 ஆம்பியர் பாடி வழியாகத்தான் வழி தேடும். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரண்ட் கடத்தாது. அப்போது எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எந்த உலோகம் கிடைத்தாலும் அதில் பாயும்: ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள். செல்ஃப் அடித்தவுடன் கேபிளின் வெளியுறை சூடாகிறது, நாள்போக்கில் உள்ளே பிளாஸ்டிக் உருகிக் கேபிள் இறுகிப்போகிறது, மெக்கானிக் கேபிளை மாற்றுகிறார், மூன்று மாதத்தில் திரும்ப அதே கதை. இந்த நோய்க்குத்தான் எஞ்சினிலிருந்து பாடிக்கு ஒரு வயர். அந்த வயரின் பாடி முனையைச் சுரண்டாமல் போடச் சொல்கிறீர்கள்.

கியர்நாலு:
ரெண்டு பேரும் சுரண்டலை விட்டுட்டு இதைச் சொல்லுங்க: கிட்ல வர்ற பொது முனையை நேரா பேட்டரி நெகட்டிவ்லயா மாட்டச் சொல்றீங்க? இப்போ வர்ற ஸ்டார்ட்-ஸ்டாப் கார்ல, அதாவது சிக்னல்ல நின்னா எஞ்சின் தானா அணையுற கார்ல, நெகட்டிவ் கிளாம்ப்போட ஒட்டினாப்ல ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, அதுல ஒரு கனெக்டர். பேட்டரியில இருந்து எவ்வளவு போச்சு, எவ்வளவு வந்துச்சுன்னு எண்ணுற சென்சார் அது. புது வயரை ஈயக் கம்பத்துலயே மாட்டினா பாதிக் கரண்ட் சென்சாருக்குத் தெரியாமலே போகும். கணக்கு தப்பி ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது, சார்ஜிங்கும் குழம்பும். சென்சாருக்கு அந்தப் பக்கம், பாடி போல்ட்லதான் மாட்டணும்.

ஆம்பியர்150:
சரியான கேள்வி, ஆனால் இங்கே பேசுவது பழைய கார்களைப் பற்றி. அந்தப் பெட்டி இருக்கும் காரில் பாடி போல்டில்தான் மாட்ட வேண்டும். பாடி போல்ட் என்றாலே சுரண்ட வேண்டும்.

நெல்லை_டியூனர்:
எதைச் சொன்னாலும் சுரண்டல்ல வந்து நிக்கிறார்யா. ஹெட்லைட் ரிலே திரியிலயும் இதே மாதிரிதான், ரிலேக்குள்ள பேட்டரி கரண்ட் வர்ற 30ஆம் நம்பர் பின்னுக்கு ஃப்யூஸ் பேட்டரி பக்கம்தான்னு நாற்பது பதிவு போட்டு எல்லாரையும் விரட்டினார்.

ஆம்பியர்150:
ஃப்யூஸ் பேட்டரி பக்கம்தான். வயர் உரசித் தீப்பிடித்தால் ரிலே பக்கத்து ஃப்யூஸ் எதைக் காப்பாற்றும்? அந்தத் திரியில் பதில் சொல்லாமல் போனவர் நீங்கள்தான்.

கிட் என்ற பெயரில் வருவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீலம், சிவப்பு என்று கண்ணாடி போன்ற உறை போட்ட வயர்களில் பல, செம்பு முலாம் போட்ட அலுமினியம். கையில் எடுத்தாலே கனம் இருக்காது. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். அதே தடிமனுக்குச் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும். வெளியே வெள்ளை, சுரண்டினால் உள்ளே செம்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, நல்ல சரக்கு. 16 சதுர மி.மீ. மெல்லிழைச் செம்பு வயர் ஒன்றரை மீட்டர், 16-8 லக் (16 சதுர மி.மீ. வயருக்கு, 8 மி.மீ. போல்டுக்கு) இரண்டு, 16-6 லக் இரண்டு, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடேற்றினால் சுருங்கும் உறை) ஒரு முழம். இவ்வளவு போதும். லக்கைச் சுத்தியலால் தட்டாதீர்கள், பிளையரால் நசுக்காதீர்கள். அறுகோண அச்சுள்ள கிரிம்பிங் கருவி வைத்திருக்கும் கடையில் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை.

உப்புக்காற்று:
கிரிம்பிங் பாடம் எல்லாம் சரிங்க. வாசலின் எஞ்சின் சூட்டுல உருகி வழிஞ்சுட்டா அந்தச் சுரண்டின வட்டம் என்ன ஆகும்?

ஆம்பியர்150:
பிரைமர் எதற்குப் போடச் சொன்னேன்? படிக்கவில்லையா?

நெல்லை_டியூனர்:
கிட்ல அஞ்சு வயர். ரெண்டு வயர் கணக்குதான் சொல்றீங்க. ஹெட் கவர், இன்டேக் மேனிஃபோல்டு, ஆல்டர்நேட்டர், இதெல்லாம் எங்கே போச்சு?

ஆம்பியர்150:
அதைக் கேட்பீர்கள் என்றுதான் காத்திருந்தேன். இப்போதைய இன்டேக் மேனிஃபோல்டில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக். அதில் லக் மாட்டி என்ன பயன்? ஹெட் கவர் ரப்பர் கேஸ்கெட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் 6 மி.மீ. போல்டைக் கழற்றி நடுவே லக்கைச் சொருகினால் போல்ட் அடிவரை இறங்காது, அந்த மூலையில் ஆயில் கசியும். கசிந்த ஆயில் சைலன்சர் மேனிஃபோல்டில் சொட்டினால் புகை. பெட்ரோல் ரெயில், பிரேக் பைப் போல்ட் பக்கம் கையே வைக்கக் கூடாது.

ஆல்டர்நேட்டர் மட்டும் நியாயமான இடம். எஞ்சின் ஓடும்போது கரண்ட் கொடுப்பது பேட்டரி இல்லை, அதுதான். அதன் வெளிக்கூடுதான் அதன் நெகட்டிவ். ஆகவே ஒரு வயர் ஆல்டர்நேட்டர் பிராக்கெட்டிலிருந்து பாடிக்கு, இன்னொன்று கியர்பாக்ஸிலிருந்து பேட்டரிக்கு. எஞ்சின் ஆடும் என்பதால் மூன்று நான்கு செ.மீ. தொய்வு விடுங்கள். பெல்டும் ஃபேனும் எட்டாத தூரம். நெகட்டிவ் கிளாம்பை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

கியர்நாலு:
மைலேஜ் கூடுமா கூடாதா, அதைச் சொல்லுங்க. முதல் சண்டையே அதுதானே.

நெல்லை_டியூனர்:
கூடும். சைலன்சர் புகையைப் பார்த்துப் பெட்ரோல் அளவைத் திருத்த உதவுற ஆக்சிஜன் சென்சார் 0.1ல இருந்து 0.9 வோல்ட்டுக்குள்ளதான் ஆடுது. ஒத்தை வயர் சென்சார்னா அதுக்கு எர்த்தே சைலன்சர் பைப்தான். எஞ்சின் எர்த்துல 0.1 வோல்ட் பிசகினா ஈசியூ, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், படிக்கிறதும் அவ்வளவு பிசகும். எர்த்தைச் சரி பண்ணினா மைலேஜ் வரும்ல?

ஆம்பியர்150:
கெட்டுப்போன எர்த்தைச் சரிசெய்தால் போனது திரும்ப வரும். நல்ல எர்த்தின்மேல் இன்னும் ஐந்து வயர் போட்டால் எதுவும் வராது. ஈசியூவின் எர்த் எஞ்சின் பிளாக்கிலேயே இருக்கும் கார்களில் அந்தப் பிசகும் இல்லை. வயர் வாங்கும் முன் அளந்து பாருங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க ஃப்யூவல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றுங்கள். மல்டிமீட்டர் டிசி 20 வோல்ட்டில். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்தின்மேல், கிளாம்பின்மேல் அல்ல. சிவப்பு முனை எஞ்சின் பிளாக்கில் வெறும் உலோகத்தில். ஒருவர் ஐந்து வினாடி செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் கிட்டுக்கு வேலையே இல்லை. 0.5 தாண்டினால் முதலில் பழைய லக்கைக் கழற்றித் தேயுங்கள்.

ஓம்ஸ் பக்கம் வைத்து அளந்துவிட்டு ‘0.2 ஓம்தான், நல்லா இருக்கு’ என்று எழுதாதீர்கள். 0.1 ஓம் இருந்தாலே 150 ஆம்பியருக்கு 15 வோல்ட் விழவேண்டும், செல்ஃப் அசையவே அசையாது. நீங்கள் பார்த்தது மீட்டர் வயரின் ஓம்.

நெல்லை_டியூனர்:
அப்படின்னா ஸ்டார் வாஷர் போட்ட இடத்தையும் அதே மாதிரி அளந்து 0.1 வோல்ட்டுக்குள்ள வந்தா? அப்பவும் சுரண்டணுமா?

ஆம்பியர்150:
இன்றைக்கு வரும். பல்முனை குத்திய ஓட்டையில் ஈரம் புகுந்த பிறகு அளந்து போடுங்கள்.

உப்புக்காற்று:
குத்தின ஓட்டையில ஈரம் புகுமாம், சுரண்டின வட்டத்துல புகாதாம்!

ஆம்பியர்150:
பிரைமர். மூன்றாவது முறை எழுதுகிறேன்.

நெல்லை_டியூனர்:
நான் வெல்டு நட்டுலதான் மாட்டுவேன், ஸ்டார் வாஷர் போட்டுத்தான் மாட்டுவேன். ஹெட்லைட் திரிக்கு மிச்சப் பதிலை அங்கேயே எழுதுறேன், வாங்க.