ட்ரவுட் மீனுக்கு லேசான தூண்டில்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே. காரைக்குடிப் பக்கம் கண்மாயில் மூங்கில் கம்பு, தக்கை, மண்புழு வைத்து ஜிலேபியும் கெளுத்தியும் பிடித்துப் பழகியவன் நான். அடுத்த மாதம் மகனோடு நீலகிரி போகிறேன், அவலாஞ்சியில் 1907-லேயே ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் தொடங்கிவிட்டார்கள் என்று தெரிந்ததிலிருந்து அவனுக்கு ஒரே பிடிவாதம், ஒரு ட்ரவுட்டாவது பிடித்துப் பார்க்கணுமாம்.

அது குளிர்ந்த, தெளிந்த தண்ணீர் மீன், நம் கலங்கல் கண்மாய் போல இல்லை, தடித்த தூண்டில் நரம்பைக் கண்டால் ஒதுங்கிவிடும், அதனால் 4 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு, ஆறடி லேசான ராடு, சின்ன ஸ்பின்னிங் ரீல், 10-ஆம் நம்பர் முள், இரண்டு ஈயக்குண்டு போதும் என்று நினைக்கிறேன். சரிதானா? இருவருக்கும் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிக்கணும். மண்புழுவே போதுமா, சின்ன ஸ்பின்னரும் (தண்ணீரில் சுழலும் தகடு வைத்த செயற்கை இரை) வாங்கட்டுமா? பையனுக்குப் பத்து வயது, அவன் கைக்கு எது சுலபம்?

அப்புறம் முக்கியமானது அனுமதி. இப்போது எந்த இடத்தில் மீன் பிடிக்க விடுகிறார்கள், சீட்டு எங்கே வாங்குவது? அனுமதி இல்லாமல் தூண்டில் போட எனக்கு மனசில்லை. சின்ன மீன் மாட்டினால் திரும்ப விடத்தான் எண்ணம், சுலபமாகக் கழற்றுவதற்காக முள் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் அமுக்கி வைத்திருக்கிறேன். சமீபத்தில் போய்வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.