கோதுமை மணிக்கு வாசல் எங்கே?

ஊறவைத்தால் கோதுமை எல்லாப் பக்கமும் ஒரே சீராக நனையும் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒரு விடுமுறை நாளில், ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோதுமை மணியாக நீரிலிருந்து எடுத்து, பிளேடால் நெடுக்காகப் பிளந்தேன். முளைக்கரு இருக்கும் முனையில் பிளேடு சத்தமில்லாமல் இறங்கியது. நடுவைத் தாண்டியதும் "நறுக்" என்று தடுத்தது. அடுத்தடுத்த மணிகளில் அந்த "நறுக்" மெல்ல மெல்ல மறுமுனைப் பக்கம் நகர்ந்தது. மேல்தோல் எளிதில் நீரை உள்ளே விடுவதில்லை. கரு இருக்கும் பக்கம்தான் வாசல். உடைந்த மணிகள் விதிவிலக்கு, அவை மடமடவென்று குடித்துவிடுகின்றன.

எடையில்தான் ஏமாந்தேன். 12 சதவீத ஈரமுள்ள 100 கிராம் தானியத்தை 45 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர 33 கிராம் நீர் போதும் என்று கணக்குப் போட்டேன். உலர்பொருள் 88 கிராம் அப்படியே இருக்கும் அல்லவா? அது மொத்தத்தில் 55 சதவீதமாக வேண்டுமென்றால் எடை 160 கிராம் ஆக வேண்டும். அதாவது 60 கிராம் நீர்! அதுவும் ஒரே வேகத்தில் ஏறாது. தொடக்கக் கட்டத்தில், ஒரு மணி நேரத்தில் குடித்ததைப் போல இரண்டு மடங்கு குடிக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடிக்கும்.

* * *

நீங்கள் கோதுமையைப் பிளந்தீர்கள்; நான் வாற்கோதுமையை (பார்லி) முளைகட்டப் போய்க் கெடுத்தவன். இரண்டு நாள் நீரை மாற்றாமல் மூழ்கடித்தே வைத்திருந்தேன். நன்றாக உப்பியிருந்ததால் எல்லாம் நலம் என்று நம்பினேன். மூடியைத் திறந்ததும் புளித்த வாடை; ஒன்றுகூட முளைக்கவில்லை. செத்த மணியும் நீர் குடிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. மாவுச்சத்தும் புரதமும் நீரை இழுத்துக்கொள்ள உயிர் தேவையில்லை. முளைக்கத்தான் மூச்சு வேண்டும். இப்போது இடையிடையே நீரை வடித்து, சில மணி நேரம் காற்றாட விடுகிறேன்.

* * *

வாசல் கதைக்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. 1907இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஏட்ரியன் பிரவுன், அமிலம் பட்டால் சிவக்கும் நீல வாற்கோதுமையை நீர்த்த கந்தக அமிலத்தில் ஊறவைத்தார். மணிகள் உப்பின, ஆனால் நீலம் மாறவில்லை. விதையுறை நீரை மட்டும் உள்ளே விட்டு அமிலத்தைத் தடுத்துவிட்டது.

தீட்டிய அரிசிக்கு அந்தக் காவல் கிடையாது. நன்கு காய்ந்த அரிசியை நீரில் போட்டு லென்ஸ் வழியாகப் பாருங்கள்: வெளிப்புறம் முதலில் உப்ப, உள்ளே இழுபட்டுக் குறுக்கே மயிரிழை விரிசல்கள் ஓடும்.

முதலில் எழுதியவரே, பிளேடு சோதனையைச் சுடுநீரில் செய்து பார்த்தீர்களா?

* * *

செய்தேன். வெதுவெதுப்பான நீரில் "நறுக்" விரைவிலேயே மறைந்தது. 70 டிகிரியில் வைத்ததுதான் தவறு, மாவுச்சத்து வெந்து பிளேடில் பசையாக ஒட்டிக்கொண்டது.